மிஸ்ஸம்மா, மிஸ்ஸியம்மா, மிஸ் மேரி: ஒரே கதை, மூன்று மொழி, எதை எப்படிப் பார்ப்பது

நிலா வெளிச்சம். ஒரே வீட்டில் குடியிருக்கும் ஒருவனும் ஒருத்தியும் நிலாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ஒருவர் மீது ஒருவர் புகார் சொல்கிறார்கள். காதல் பாட்டுக்கு உரிய இரவு, காதல் பாட்டுக்கு உரிய மெட்டு. சொற்கள் மட்டும் சண்டை. ஊரார் கண்ணுக்கு இவர்கள் கணவன் மனைவி. உண்மையில் வேலைக்காக அப்படி நடிப்பவர்கள். 'மிஸ்ஸம்மா'வின் சுவை முழுவதும் இந்த ஒரு பாட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது. தமிழில் இதையே 'வாராயோ வெண்ணிலாவே' என்று நமக்குத் தெரியும்.

விஜயா நிறுவனத்தின் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தயாரித்து எல்.வி. பிரசாத் இயக்கிய படம். தெலுங்கு 'மிஸ்ஸம்மா' 1955 ஜனவரி 12 அன்றும், தமிழ் 'மிஸ்ஸியம்மா' இரண்டு நாள் கழித்துப் பொங்கலுக்கும் வெளிவந்தன. 1957ல் ஏவி.எம். இதை இந்தியில் 'மிஸ் மேரி' என்று எடுத்தது. அதற்கும் இயக்குநர் பிரசாத்தான். ஆகவே மூன்று மொழிகளிலும் கதை சொன்ன கை ஒன்று. தமிழை 'ரீமேக்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டாலும் அது சரியில்லை: தெலுங்கும் தமிழும் ஒரே காலத்தில், ஒரே கதாநாயகியை வைத்து, ஒரே தொழில்நுட்பக் குழு எடுத்த இரட்டைப் படங்கள். ரீமேக் என்ற சொல் பொருந்துவது இந்திக்குத்தான். இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் மூன்றையும் எடைபோடுவது எளிது.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். ஒன்றுதான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் தெலுங்கைப் பாருங்கள், தெலுங்கு தெரியாதவர்களும்கூட. பாட்டுக்காகவும் சாவித்திரிக்காகவும் என்றால் தமிழும் அதே தரம். இந்திப் படத்தைக் கிஷோர் குமாருக்காகவும் ஹேமந்த் குமாரின் இசைக்காகவும் மூன்றாவதாகப் பார்க்கலாம். முதலாவதாகப் பார்த்தால் இந்தக் கதையைக் குறைவாக மதிப்பிட்டுவிடுவீர்கள்.

கதையின் முடிச்சு இது. அப்பாபுரம் ஜமீன்தார் கோபாலம், சிறுவயதில் தொலைந்துபோன மூத்த மகள் மகாலட்சுமியின் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். ஆசிரியர்களாகப் பட்டதாரித் தம்பதி வேண்டும் என்று விளம்பரம். வேலையில்லாத இந்து இளைஞன் எம்.டி. ராவ், டேவிட்டிடம் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும் கிறிஸ்தவப் பெண் மேரி. இருவரும் பி.ஏ. கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டு அங்கே போய்ச் சேர்கிறார்கள். கடன் அடைந்ததும் மேரி கிளம்பிவிடுவாள் என்பதுதான் உடன்பாடு. ராவுக்கு இந்த நடிப்பு பிடித்துப்போகிறது. மேரிக்கு ஒவ்வொரு நாளும் முள். ஜமீன்தாரின் மருமகன் ராஜு தன்னைத் துப்பறிவாளன் என்று நினைத்துக்கொண்டு தொலைந்த மகாலட்சுமியைத் தேடுகிறான். கையில் இருக்கும் ஒரே தடயம், காலில் உள்ள மச்சம். மேரி யார் என்பதை முதல் அரை மணி நேரத்திலேயே பார்ப்பவர் ஊகித்துவிடலாம். படமும் அதை மறைக்க மெனக்கெடவில்லை. மர்மம் இல்லாததால்தான் நம் கவனம் முழுவதும் அந்த வீட்டுக்குள் நடக்கும் சில்லறைச் சண்டைகளில் நிற்கிறது.

எம்.டி. ராவ் என்ற பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் காலி என்பதற்கான சொல் காதில் விழும். வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை என்பவனுக்கு முதலெழுத்துகளிலேயே சக்ரபாணியும் வசனகர்த்தா பிங்களி நாகேந்திர ராவும் நிலைமையைப் பொறித்துவிட்டார்கள். பிங்களியின் வேலை முழுக்க இந்த மாதிரிதான். பணத்துக்கு 'தைலம்' என்று தேவய்யா (நகைச்சுவை நடிகர் ரேலங்கி ஏற்ற வேடம்) வைத்த பெயர் ஆந்திரத்தில் தெருப்பேச்சாகவே ஆகிவிட்டது. நகைச்சுவைக்கென்று தனி 'டிராக்' கிடையாது. பேசும் சொல்லிலேயே சிரிப்பு இருக்கிறது. தெலுங்கை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

தலைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. மிஷன் பள்ளிகளில் பாடம் சொன்ன பெண்களை ஊரார் கூப்பிட்ட பெயர் தெலுங்கில் மிஸ்ஸம்மா, தமிழில் மிஸ்ஸியம்மா. வெளியூர்ச் சொல்லோடு நம்மூர் 'அம்மா'வை ஒட்டவைத்த பெயர். தள்ளி நிறுத்துவதும் மரியாதை கொடுப்பதும் ஒரே மூச்சில் நடக்கிறது. கதையில் மேரியின் நிலையும் அதுவே. இந்தியில் 'மிஸ் மேரி' ஆனபோது அந்த அம்மா உதிர்ந்துவிட்டாள்.

இனி சாவித்திரி. மேரி வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் பானுமதி. நான்கு ரீல் வரை படமும் பிடித்தார்கள். வரலட்சுமி நோன்பன்று அவர் படப்பிடிப்புக்குத் தாமதமாக வர, சக்ரபாணிக்கும் அவருக்கும் மனத்தாங்கல் முற்றி, எடுத்த ரீல்களையே சக்ரபாணி எரித்துவிட்டார். ஜமீன்தாரின் இளைய மகள் சீதாவாக நடிக்க வந்திருந்த சாவித்திரி மேரியானார். சீதாவின் இடத்துக்கு ஜமுனா வந்தார். இந்தக் கதை தெலுங்குத் திரையுலகில் பலமுறை சொல்லப்பட்டது. படத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வதில் ஒரு பயன் உண்டு. பானுமதியின் மிடுக்கு ஊரறிந்தது; மேரியின் கோபம் அந்த மிடுக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. சாவித்திரி அதைப் போட்டுக்கொண்டு வேறு விதமாக நடக்கிறார். பானுமதியாக இருந்திருந்தால் கோபம் உயரத்திலிருந்து இறங்கியிருக்கும். சாவித்திரியின் கோபம் மாட்டிக்கொண்டவளின் கோபம். சொல்லிவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வது, ராவ் சிரித்தால் இன்னும் எரிச்சலாவது, யாராவது உள்ளே வந்தால் நொடியில் குடும்பப் பெண்ணாகக் குரலைத் தாழ்த்துவது: இந்த மூன்றாவதுதான் கடினம். நடிக்கத் தெரியாத ஒருத்தி நடிப்பதை நடித்துக் காட்ட வேண்டும். ஜமீன்தார் எஸ்.வி. ரங்காராவும் அவர் மனைவி ருஷ்யேந்திரமணியும் பாசத்தைக் கொட்டும் காட்சிகளில் சாவித்திரியின் முகத்தைக் கவனியுங்கள். நன்றி, குற்ற உணர்ச்சி, எப்போது தப்பிப்போம் என்ற அவசரம், மூன்றும் அங்கே இருக்கும்.

சாவித்திரி, ஜமுனா, ரங்காராவ், ருஷ்யேந்திரமணி ஆகியோர் தெலுங்கிலும் தமிழிலும் அதே வேடங்களில் வருகிறார்கள். ஆகவே ஒரே நடிகை ஒரே காட்சியை வேறு ஜோடியோடு எப்படி நடிக்கிறார் என்று அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இங்கே கிடைக்கிறது. தெலுங்கில் எதிரே என்.டி. ராமாராவ். பிற்காலத்து ராமாராவை மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்த ராவ் ஆச்சரியம்: உரத்துப் பேசாதவர், அடிபட்டாலும் சிரிப்பவர், மேரி வைக்கும் நிபந்தனைக்கெல்லாம் தலையாட்டுபவர். ஆஜானுபாகுவான ஆள் பணிந்து போவதே பாதி நகைச்சுவை. சாவித்திரி அவரை நிமிர்ந்து பார்த்துத் திட்டுகிறார். தமிழில் ஜெமினி கணேசன்; ராவின் பெயர் இங்கே பாலு. இவரிடம் மென்மை இயல்பாகவே உண்டு என்பதால் பணிவு வியப்பளிப்பதில்லை, மாறாக ஒரு குறும்பு வருகிறது. தெலுங்கு ராவ் பொறுத்துக்கொள்கிறான். தமிழ் பாலு ரசிக்கிறான். இதனால் தமிழில் மேரியின் எரிச்சல் இன்னும் ஒரு படி நியாயமாகத் தெரிகிறது.

தமிழ்ப் பதிப்புக்கு வெளியிலிருந்து ஒரு விசித்திரமும் சேர்ந்துகொண்டது. ஜெமினியும் சாவித்திரியும் 1952லேயே மணம் செய்துகொண்டவர்கள். ஊருக்கு அப்போது சொல்லவில்லை. திரையில் மணமாகாத இருவர் தம்பதியாக நடிக்கிறார்கள். திரைக்கு வெளியே நேர்மாறு. 1955ல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியாது. இன்று தெரிந்து பார்க்கும்போது, இருவரும் வாக்குவாதம் செய்யும் காட்சிகளில் தெரியும் பழக்கத்தின் எளிமைக்குக் காரணம் விளங்குகிறது.

மூன்று பதிப்புகளையும் உண்மையில் வேறுபடுத்துவது துப்பறியும் ராஜுதான். தெலுங்கில் அந்த வேடம் நாகேஸ்வர ராவுக்கு. 1953ல் 'தேவதாசு' வந்த பிறகு சோகத்துக்கே எழுதிவைத்தவர் என்ற முத்திரை விழுந்த நிலையில், ராமாராவ் நாயகனாக இருக்கும் படத்தில் இரண்டாம் இடத்தில், கோமாளித்தனமான வேடத்தை அவர் விரும்பி ஏற்றார். அவர் தொப்பியும் பூதக்கண்ணாடி மனப்பான்மையுமாக அலைவது இன்றும் சிரிப்பு வரவழைக்கும். ஆனால் அவர் நாயக நடிகர் என்பதுதான் கதைக்கு முக்கியம். ராவ் சீதாவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறான். மேரிக்குப் பொறாமை, ராஜுவுக்கும் பொறாமை. பதிலுக்கு ராஜு மேரியிடம் பாட்டுக் கற்க வருகிறான். இப்போது சீதாவுக்கும் ராவுக்கும் எரிகிறது. இந்த நாற்கோணம் நிற்க வேண்டுமானால் நான்கு மூலையும் சம எடை இருக்க வேண்டும். தெலுங்கில் இருக்கிறது.

தமிழில் ராஜு, கே.ஏ. தங்கவேலு. சிரிப்பின் அளவில் குறையே இல்லை. ஒரு வசனத்தை நடுவில் இழுத்து நிறுத்தி, கேட்பவரைக் காக்கவைத்து முடிக்கும் அவருடைய கால அளவு நாகேஸ்வர ராவிடம் கிடையாது. ஆனால் தங்கவேலு வந்தவுடன் பார்ப்பவர் சிரிக்கத் தயாராகிவிடுகிறார். இவருக்குப் பொறாமை வந்தால் அதுவும் வேடிக்கை. ஆகவே நாற்கோணத்தின் ஒரு மூலை இலேசாகி, ஜமுனாவின் சீதாவுக்கு வேலை குறைந்துவிட்டது. தேவய்யா வேடத்தில் கே. சாரங்கபாணியும், டேவிட்டாக எம்.என். நம்பியாரும். தெலுங்கு டேவிட்டான ரமணா ரெட்டி ஒல்லி உடம்பை வளைத்து நெளித்துச் சிரிப்பு மூட்டும் கடன்காரர். நம்பியாரின் பெயர் திரையில் வந்தாலே தமிழ்ப் பார்வையாளர் பிற்காலப் பழக்கத்தில் வில்லத்தனத்தை எதிர்பார்ப்பார். எதிர்பார்க்க வேண்டாம். இந்தக் கதையில் கெட்டவன் என்று யாரும் இல்லை, டேவிட் உட்பட.

பாட்டுக்கு வருவோம். இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். இசை இரு மொழிக்கும் எஸ். ராஜேஸ்வர ராவ். தெலுங்குப் பாடல்கள் பிங்களி, தமிழ்ப் பாடல்கள் தஞ்சை ராமையாதாஸ். குரல்களும் பெரும்பாலும் அதேதான்: நாயகனுக்கு ஏ.எம். ராஜா, மேரிக்கு பி. லீலா, சீதாவுக்கு பி. சுசீலா. மெட்டும் குரலும் மாறாமல் சொல் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று பார்க்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

'பாலனுரா மதனா' என்று தெலுங்கில் சுசீலா பாடுகிறார். தமிழில் 'அறியாப் பருவமடா மதனா'. மதன் இடம் மாறவில்லை. அதற்கு முன்னால் தெலுங்கின் 'ரா' எங்கே விழுகிறதோ அங்கே தமிழின் 'டா' விழுகிறது. மன்மதனை உரிமையோடு விரட்டும் அந்த ஒற்றை அசை தப்பியிருந்தால் பாட்டின் துள்ளலே போயிருக்கும். ராமையாதாஸ் பொருளை மட்டும் கொண்டுவரவில்லை, வாயசைவையும் கொண்டுவந்திருக்கிறார்.

நிலாப் பாட்டில் இன்னும் ஒரு படி மேலே. தெலுங்கில் 'ராவோயி சந்தமாமா' என்று தொடங்கி, சதிக்கும் பதிக்கும் நடக்கும் போரால் பிழைப்பே குலைந்துபோனது என்று வரும். தமிழிலும் அதே இடத்தில் 'சதிபதி' என்ற சொல் அப்படியே வந்து உட்கார்கிறது. ஆனால் தமிழ்க் காதுக்குச் சதி என்றால் மனைவி என்பதோடு சூழ்ச்சி என்றும் கேட்கும். அகம்பாவம் கொண்ட சதியால் என்று நாயகன் குறைசொல்லும்போது இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. தெலுங்கில் இல்லாத சிலேடை தமிழில் தானாக விளைந்திருக்கிறது. நிலவொளியைப் படம் பிடிப்பதில் பெயர் பெற்ற மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு இந்த இரவுக்கு இரு மொழியிலும் பொது. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947ல் தொடங்கிய பத்திரிகையின் பெயரும் 'சந்தமாமா'தான், தமிழில் 'அம்புலிமாமா'. அவர்கள் வீட்டுப் படத்தில் நிலாவையே பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டது பொருத்தம்.

எல்லா இடத்திலும் தமிழுக்கு வெற்றி என்று சொல்ல முடியாது. 'தெலுசுகொனவெ செல்லீ' என்று மேரி சீதாவுக்குப் புத்தி சொல்கிறாள்: ஆண்களை விட்டுத் தள்ளியே இரு, தங்கையே. 'தெலுசுகொனவெ யுவதி' என்று ராவ் அதே மெட்டில் பாடுவது அதற்கு எதிர்ப்பாட்டு: ஆண்களை ஆட்டிவைக்கவே பெண்கள் பிறந்தார்கள், தெரிந்துகொள் என்ற கிண்டல். இரண்டும் ஒரே சொல்லில் தொடங்குவதால், அடுத்த பாட்டின் முதல் சொல் காதில் விழுந்த உடனேயே இது பதிலடி என்று புரிந்துவிடுகிறது. தமிழில் லீலாவின் பாட்டு 'தெரிந்து கொள்ளணும் பெண்ணே', ராஜாவின் பாட்டு 'பழகத் தெரிய வேணும்'. தனித்தனியே எடுத்தால் இரண்டும் அருமையான பாட்டு. பின்னது தெலுங்கைவிடப் பேச்சுத்தன்மை கூடியது. ஆனால் முதல் சொல்லிலேயே வரும் அந்தச் சீண்டல் தொலைந்துவிட்டது. மெட்டை வைத்துத்தான் தொடர்பைப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, 'அவுனண்டே காதனிலே' என்று தொடங்கும் ராஜாவின் பாட்டு. ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம், பெண்கள் பேச்சுக்குப் பொருளே வேறு. தமிழில் 'முடியும் என்றால் படியாது, படியும் என்றால் முடியாது'. ஆம், இல்லை என்ற எளிய எதிர்மறையை விட்டுவிட்டு முடிவது, படிவது என்ற ஒலி விளையாட்டுக்குப் போயிருக்கிறார் ராமையாதாஸ். நாக்கில் புரளுகிறது, உண்மை. ஆனால் தெலுங்கு வரி பழமொழியாகவே ஆகிவிட்டது. 2001ல் தெலுங்கு 'குஷி'யில் அந்தப் பாட்டு மறுபடி ஒலித்தது, 2007ல் செல்வராகவன் இயக்கிய தெலுங்குப் படத்துக்கு அந்த வரியே தலைப்பானது. அந்தப் படம்தான் தமிழில் 'யாரடி நீ மோகினி'.

மூன்று மொழிக்கும் பொதுவாக வந்த மெட்டு ஒன்றே ஒன்று: சுத்த சாவேரியில் அமைந்த 'பிருந்தாவனமதி அந்தரிதி'. பிருந்தாவனம் எல்லோருக்கும் சொந்தம், கோவிந்தனும் எல்லோருக்கும் உரியவன், ராதே, உனக்கு ஏன் பொறாமை? சீதாவோடு சேர்ந்து ராவ் பாடுவது, முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் மேரிக்காக. தமிழில் 'பிருந்தாவனமும் நந்தகுமாரனும் யாவருக்கும் பொதுச் செல்வமன்றோ'. 'பொதுச் செல்வம்' என்ற சொல்லைத் தெலுங்கிலிருந்து எடுக்கவில்லை. அது ராமையாதாஸின் சொந்தச் சேர்க்கை, மூலத்தைவிட ஒரு சுற்று பெரிதாகவே பொருள் தருகிறது. இந்தியில் ஹேமந்த் குமார் மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் புது மெட்டு போட்டார். இதை மட்டும் விட்டுவைத்தார். ராஜேந்திர கிருஷணின் வரியில் ராதை உள்ளுக்குள் எரிகிறாள். பொறாமை என்ற சொல் வராமல், எரிச்சல் வருகிறது. லதாவும் ரஃபியும் பாடியது.

அந்த இந்திப் படத்தை ஏன் மூன்றாவதாக வைக்க வேண்டும்? குற்றம் யாருடைய திறமையிலும் இல்லை. ஜெமினியே அங்கும் நாயகன், ஜமுனாவே அங்கும் சீதா. மேரி, மீனா குமாரி. அவர் முகத்தில் துயரம் குடியிருக்கிறது. சாவித்திரியின் மேரி சண்டை போடும்போது அவள் ஜெயிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். மீனா குமாரியின் மேரி சண்டை போடும்போது அவளுக்கு யாராவது ஆறுதல் சொன்னால் தேவலை என்று தோன்றும். கண்ணீருக்குப் பழகிய நடிகை இங்கே சிரிப்புப் படத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும் முயற்சி அழகாகவே இருக்கிறது, சில காட்சிகளில் வியக்கவும் வைக்கிறது. ஆனால் கதை ஓடுவது மேரியின் எரிச்சலில். அது தணிந்தால் வண்டியும் மெதுவாகிவிடுகிறது.

அந்த இடைவெளியில் கிஷோர் குமார் நுழைந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். ராஜுவாக அவர் வரும் காட்சிகளுக்கு இந்தப் படத்தைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். நாகேஸ்வர ராவிடம் இருந்த நாயக எடையும் தங்கவேலுவிடம் இருந்த சிரிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன. கூடவே பாடவும் செய்கிறார். பாட்டு வராதவன் பாட்டுக் கற்றுக்கொள்ளும் வேடத்தைப் பிறவிப் பாடகனிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 'கானா ந ஆயா' பாட்டைக் கேளுங்கள். ராஜு எத்தனை பெரியவனாக இருக்கலாம் என்ற கேள்விக்கு மூன்று படமும் மூன்று பதில் தருகின்றன. நாற்கோணத்தின் சமநிலைக்கு நாகேஸ்வர ராவ், தனிச் சுவைக்குக் கிஷோர்.

நிலாப் பாட்டு இந்தியில் 'ஓ ராத் கே முசாஃபிர்'. மெட்டு புதிது, ஆனால் சூழ்நிலை அதே. தெலுங்கிலும் தமிழிலும் நிலா வந்து கதை கேட்கிறது. இந்தியில் நிலாவுக்கு நீதிபதி வேலை: என் குற்றம் என்ன, தீர்ப்புச் சொல் என்கிறார்கள். கதை கேட்கும் நிலாவிடம் சண்டை போடலாம், விளையாட்டாக இருக்கும். நீதிபதியிடம் முறையிடத்தான் முடியும். மீனா குமாரியின் முகத்துக்கு முறையீடுதான் பொருத்தம் என்பதால், அந்த மாற்றம் அந்தப் படத்துக்குள் சரியாகவே வேலை செய்கிறது.

இந்தக் கதைக்கு வங்காளத்தில் வேர். ரவீந்திரநாத் மைத்ராவின் 'மன்மொயி கேர்ள்ஸ் ஸ்கூல்' நாடகம். வேலையில்லாத் திண்டாட்டத்தைக் கிண்டல் செய்தது. 1935ல் கானன் தேவி நடிக்க வங்காளத்தில் படமானது, 1958ல் உத்தம் குமாரும் அருந்ததி தேவியும் நடிக்க மறுபடியும். சரத் சந்திரரைத் தெலுங்குக்குக் கொண்டுவந்த சக்ரபாணிக்கு வங்காளம் வீட்டுச் சங்கதி. பட்டதாரிக்கு வேலை கிடைக்காத சங்கடம்தான் இருவரையும் பொய் சொல்லவைக்கிறது என்ற அடித்தளம் அங்கிருந்து வந்தது. அதைத் தெலுங்குக் குடும்பக் கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்ததுதான் சக்ரபாணியின் சாதனை.

குறை சொல்லாமல் விட முடியாது. கிறிஸ்தவப் பெண்ணும் இந்து ஆணும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, மெல்ல ஒருவரை ஒருவர் விரும்பத் தொடங்குவதைப் படம் எவ்வளவு நேர்த்தியாகக் காட்டுகிறது! 'கருணிஞ்சு மேரி மாதா' என்று மேரி பாடும்போது (தமிழில் 'என்னை ஆளும் மேரி மாதா') அவள் நம்பிக்கைக்குப் படம் கொடுக்கும் மரியாதை முழுமையானது, ஒரு துளி ஏளனம் கிடையாது. அப்படியிருக்க, கடைசியில் அவள் பிறப்பால் மகாலட்சுமிதான் என்று காட்டி அந்தச் சிக்கலையே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். இரு மதத்தார் மணந்துகொள்ளலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில், காலின் மச்சம் வந்து கேள்வியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மூன்று மொழியிலும் இதே முடிவு. 1955ல் அதற்கு மேல் போக முடியாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் அதுவரை அவ்வளவு துணிச்சலாக வந்த படம் என்பதால் வலிக்கத்தான் செய்கிறது. பிற்பாதியில் உண்மை வெளிப்படும் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது என்பது சிறிய குறை.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்.

தேடும்போது ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். 2003ல் நீலகண்டா இயக்கி, பூமிகா நடித்த இன்னொரு 'மிஸ்ஸம்மா' இருக்கிறது. பெயரைத் தவிர இந்தக் கதையோடு அதற்குத் தொடர்பு கிடையாது. தமிழில் 'வாராயோ வெண்ணிலாவே' என்று தேடினாலும் அந்தப் பாட்டு வரியைத் தலைப்பாகக் கொண்ட பின்னாள் படம் குறுக்கே வரும்.

ஓடும் நேரத்தைப் பாருங்கள். தெலுங்கும் தமிழும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படங்கள். இரண்டரை மணிக்குள் முடியும் பிரதி என்றால் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தொலைக்காட்சிக்காக வெட்டும்போது முதலில் பலியாவது பாட்டுகள். இந்தப் படத்தில் பாட்டுத்தான் சண்டை, சண்டைதான் கதை. பாட்டை எடுத்தால், நேற்று முறைத்துக்கொண்டிருந்தவர்கள் இன்று ஏன் பேசுகிறார்கள் என்று புரியாது.

படச்சட்டத்தைக் கவனியுங்கள். அந்தக் காலப் படம் ஏறத்தாழ நான்குக்கு மூன்று என்ற சதுர வாட்டத்தில் எடுக்கப்பட்டது. இன்றைய அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கிய பிரதிகளில் உயரத்தில் கால்பங்கு போய்விடும். பார்ட்லி அளந்து வைத்த இரவு வானம்தான் முதலில் போவது. நறுக்காமல் இழுத்துவிட்ட பிரதிகளில் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகன்று, சாவித்திரியையே அடையாளம் தெரியாது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும் பிரதிதான் ஒழுங்கான பிரதி. பட்டையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

வசன வரிகளோடு கிடைக்கும் தெலுங்குப் பிரதியிலும் பாட்டு வந்ததும் எழுத்து நின்றுவிடுவது வழக்கம். தமிழ்ப் பாட்டுகளை முன்கூட்டியே ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும். மெட்டும் சூழலும் ஒன்று என்பதால் தெலுங்குப் பாட்டு ஓடும்போது பொருள் தானாகப் பிடிபடும். கேட்கும்போது ஒன்று: பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த ஒலிப்பதிவுகள் படத்தில் இருப்பதைவிடச் சுருங்கியிருக்கலாம். அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சத்துக்கு மேல் இடம் கிடையாது. நிலாப் பாட்டைப் படத்திலிருந்தே கேளுங்கள். ஒரு சரணம் முடிந்து அடுத்தவர் பதில் சொல்லத் தொடங்கும் முன் சாவித்திரி ஒரு கணம் நிலாவை விட்டுவிட்டு ராவின் பக்கம் பார்ப்பது இசைத்தட்டில் கிடைக்காது.